துண்டும் ரிலீஸும்: நம் மலைநாட்டில் நூறு வருடங்களுக்கு முன் நடந்த சங்கதி



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் யாராவது சவூதி, கட்டார், குவைத், டுபாய் என்று வேலைக்குப் போயிருந்தால் கட்டாயம் வாசியுங்கள். போவதற்குப் பாஸ்போட் எடுத்து வைத்திருப்பவர்களும் வாசியுங்கள்.

"கபீல் ரிலீஸ் குடுக்குறாரில்ல." அக்குறணை, மடவளை, கம்பளை, உடதலவின்ன என்று நம் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டாலும் இந்த வசனம் தெரியும். சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, சொன்ன வேலை ஒன்று, செய்யும் வேலை வேறு. பக்கத்துக் கம்பனியில் கூடிய சம்பளத்துக்கு எடுக்க ஆள் இருக்கிறார். ஆனால் போக முடியாது. முதலில் கூட்டிக்கொண்டு போனவர் கையெழுத்து வைக்க வேண்டும். சில நாடுகளில் அதற்குத் தனாஸுல் என்பார்கள், சில இடங்களில் என்ஓசி, நம்மவர்கள் பொதுவாக ரிலீஸ் என்பார்கள். அந்தக் கடதாசி இல்லாமல் வெளியே இறங்கினால் "ஹுரூப்" என்று பதிந்துவிடுவார்கள். ஓடிப்போனவர் என்று அர்த்தம். அதன்பின் அந்த மனிதர் வேலையிடத்தைப் பற்றி முறையிட வேண்டியவர் அல்ல, பொலிஸ் தேட வேண்டியவர்.

இது அரபு நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் என்று பலர் நினைக்கிறோம். வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். இதே முறை, கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து, கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இருந்தது. அதற்குத் தமிழிலேயே பெயர் இருந்தது: துண்டு. டொக்டர் எழுதித் தருவதை மருந்துத் துண்டு என்கிறோமே, அதே துண்டு. இந்தச் சின்னத் தமிழ்ச் சொல் ஆங்கிலேயரின் அறிக்கைகளுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் அப்படியே போய் உட்கார்ந்திருந்தது. 1921இல் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது. எப்படி ஒழிந்தது என்பதில்தான் நமக்கு இன்று வேண்டிய பாடம் இருக்கிறது.

நடந்து வந்தவர்கள்

1820களில் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையிலும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். 1854இல் தோட்டத்துரைமார் தங்களுக்கென்று ஒரு சங்கத்தைக் கண்டியில் அமைத்தார்கள். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869க்குப் பிறகு இலைநோய் பரவிக் கோப்பி அழிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து வந்தார்கள். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தது அந்த நினைவில்தான். இன்று நாம் அக்குறணை ஊடாகப் பஸ்ஸில் போகும் ஏ9 வீதியின் மாத்தளைப் பக்கம் அந்தக் காலடிகளின் பாதையோடு சேர்ந்தது.

அவர்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. துரை கங்காணியிடம் முற்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்குப் போய், வறுமைப்பட்ட குடும்பங்களின் பழைய கடனை அடைப்பார், வழிச்செலவு பார்ப்பார், கையில் கொஞ்சம் கொடுப்பார். அவ்வளவும் தொழிலாளியின் பெயரில் கணக்கில் ஏறும். தோட்டத்தில் காலடி வைக்கும் முன்னே அந்த மனிதன் கடனாளி. சம்பளமும் பெரும்பாலும் கங்காணி கை வழியாகத்தான் வரும். தன் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று எழுத்து வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தெரியாது. தன் கூட்டத்தில் வேலைக்குப் போகும் ஆள் ஒன்றுக்கு நாளுக்கு இவ்வளவு சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு. ஆட்கள் போய்விட்டால் அவருடைய வருமானமும் போய்விடும்.

துண்டு எப்படி வேலை செய்தது

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீஜிக்கும் மொரீசியசுக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கட்டுண்டு போனார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் அப்படியல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் மாதத்துக்கு மாதம் வேலை செய்பவர்கள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு யாரும் போகலாம். எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம்.

நடைமுறை வேறு. முன்னறிவித்தல் கொடுக்காமல் போனால் அது சிவில் வழக்கல்ல, குற்றம். நீதிவான் முன் நிறுத்தி மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். முன்னறிவித்தல் கொடுத்துவிட்டே போனாலும் பக்கத்துத் தோட்டத்தில் எடுக்கமாட்டார்கள். "துண்டு எங்கே?" என்று கேட்பார்கள்.

துண்டில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: இந்தக் கங்காணியும் இவருடைய இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபா தர வேண்டும், அதை யார் கட்டுகிறாரோ அவரிடம் இவர்களை விடுவிப்பேன். கீழே துரையின் கையெழுத்து. கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். புதிய துரை பணத்தைக் கட்டுவார். கூட்டம் முழுவதும் பெட்டி படுக்கையோடு அடுத்த மலைக்குப் போகும். கடன் தீரவில்லை, கடன்காரர் மட்டும் மாறினார்.

அதோடு முடிந்ததா? இல்லை. புதிய துரையிடம் கங்காணி பழைய கடனைவிடக் கூடுதலாகக் கேட்பார். அந்த மேலதிகப் பணத்தில் எவ்வளவு தொழிலாளியின் கைக்குப் போனது, எவ்வளவு கங்காணியின் மடியில் தங்கியது என்று கேட்க ஆளில்லை. ஆனால் கடன் தொழிலாளியின் பெயரில்தான் ஏறும். இடம் மாற மாறத் தலைக்குரிய விலை ஏறும். துண்டில்லாமல் இரவோடு இரவாகப் போனவர்களைத் துரைமார் "ஓடிப்போன ஆள்" என்று பெயர் வைத்து ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பித் தேடினார்கள். இன்றைய ஹுரூப்புக்கும் அதற்கும் மொழி மட்டும்தான் வித்தியாசம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்றும் வந்தது. இந்தியாவில் இருந்து புறப்படும்போதே தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் கழுத்திலேயே எழுதியிருந்தது.

துரைமார் பக்கத்து நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது வரலாறாகாது. துரைமாரும் ஒரு நியாயம் சொன்னார்கள். "ஆளைக் கொண்டுவர நான் முற்பணம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதமே அவன் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் என் பணத்துக்கு யார் பொறுப்பு? நான் செலவழித்து ஆள் கொண்டுவர, செலவே செய்யாத பக்கத்துத் துரை ஐம்பது சதம் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்வாரா?"

இதை நாம் வேறு குரலில் கேட்டிருக்கிறோம். ரியாதில் ஒரு வீட்டுக்காரர் வேலைக்குப் பெண் எடுக்க ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்டுகிறார். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை "எனக்கு இந்த வீடு சரிவராது, மாற வேண்டும்" என்றால் அவர் வாயில் வருவதும் இதே வார்த்தைதான்: நான் காசு கட்டியிருக்கிறேன். மனிதரை எடுத்தது போலல்ல, பொருளை வாங்கியது போலப் பேசுகிறார்.

ஆக, கடதாசியைப் பிடித்து வைத்திருப்பது வெறும் கெட்ட மனம் மட்டுமல்ல. அதன் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் வைத்து, தொழிலாளியையே ஈடாகப் பிடித்து வைக்கிறார்கள். துண்டின் இரகசியம் இதுதான்.

எப்படி ஒழிந்தது

இது தானாக ஒழியவில்லை. இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான குரல் பெருகி 1917இல் அந்த ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் நிலையைப் பார்க்கச் சென்னை அரசாங்கம் இருவரை அனுப்பியது. ஒருவர் மார்ஜோரிபாங்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. மற்றவர் ஏ.கே.ஜி. அஹமது தம்பி மரைக்காயர். அவர்களுடைய அறிக்கை 1917இல் வெளிவந்தது. மலையகத் தொழிலாளியின் வரலாற்றில் ஒரு மரைக்காயரின் கையெழுத்தும் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இங்கே கொழும்பில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி, வேலையை விட்டுப் போனதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கு எதிராகப் பேசினார், எழுதினார். துரைமாருக்கும் துண்டு தலையிடியாகிவிட்டிருந்தது. கைமாறக் கைமாறக் கடன் வீங்கி, திருப்பி எடுக்கவே முடியாத அளவுக்குப் போனது.

1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் வந்தது. துண்டு கொடுப்பது தடைசெய்யப்பட்டது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடும் நீக்கப்பட்டது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடும். ஆனால் முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான் நடந்தது. 1922இல் இந்தியா புதிய குடியகல்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எங்கள் ஆட்கள் வேண்டுமென்றால் எங்கள் நிபந்தனைகளுக்கு உடன்படுங்கள் என்பது அதன் சாரம். 1923இல் இலங்கை 1ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அதன்படி இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் எல்லாத் தோட்டங்களும் ஒரு பொது நிதியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆட்களைச் சேர்க்கும் செலவு, பயணச் செலவு எல்லாம் அந்த நிதியத்தில் இருந்து போகும். அதைத் தொழிலாளியிடம் திருப்பிக் கேட்கக் கூடாது.

"நான் செலவழித்தேன், அவன் இழுத்துக்கொண்டான்" என்ற துரையின் வாதத்துக்கு இதுதான் பதில். எல்லோரும் சேர்ந்து செலவழிக்கிறீர்கள், ஆகவே ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் யாருக்கும் தனி நட்டமில்லை. கடதாசியைக் கிழித்தது 1921. அந்தக் கடதாசிக்குப் பின்னால் இருந்த கடனில் கை வைத்தது 1923.

இன்னொன்றும் நடந்தது. தொழிலாளரின் முறைப்பாடுகளைப் பார்க்க இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் இலங்கையில் நியமிக்கப்பட்டார். அவர் அலுவலகம் நடத்தியது கண்டியில், ஆட்கள் வேலை செய்யும் தோட்டங்களுக்குப் பக்கத்தில். இன்று கண்டியில் நாம் காணும் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வளைகுடாவிலும் ஒரு துண்டு

இப்போது அந்தப் பக்கம் போவோம். எண்ணெய் கண்டுபிடிக்கும் முன் பஹ்ரைன், குவைத் கரைகளின் பெரிய தொழில் முத்துக்குளிப்பு. முத்துக் குளிப்பவர் பருவம் தொடங்கும் முன் கப்பல் தலைவரான நகுதாவிடம் முற்பணம் வாங்குவார். கடன் ஏறும். வேறு நகுதாவிடம் போக வேண்டுமென்றால் பழையவரிடம் "பர்வா" என்ற கடதாசி வாங்க வேண்டும். கடன் இல்லை என்றோ, இவ்வளவு கடன் இருக்கிறது என்றோ அதில் எழுதியிருக்கும். கடன் இருந்தால் புதிய நகுதா அதைப் பொறுப்பேற்க வேண்டும். ஹேவாஹெட்டை மலையில் துண்டு, பஹ்ரைன் கடலில் பர்வா.

பிறகு எண்ணெய் வந்தது, வெளியில் இருந்து இலட்சக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பு என்ற முறை வளர்ந்தது. அதற்கு வைத்த பெயர்தான் கபாலா.

பெயர் நம்முடையது என்பதால் ஒரு வார்த்தை சொல்கிறேன். மார்க்கச் சட்டத்தில் கபாலத் என்றால் அடுத்தவருடைய சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது. மர்யம் (அலை) அவர்களை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்றதைக் குர்ஆன் இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. யதீமை வளர்ப்பவரின் பெயரும் இதே வேர்ச்சொல்லில் இருந்து வந்ததுதான். சுமையை ஏற்பவர் கபீல். ஆளைச் சுமையோடு பிடித்து வைப்பவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று உலமாக்கள் மிம்பரில் பேசினால் நல்லது.

கடந்த சில வருடங்களில் அங்கேயும் மாற்றம் வந்திருக்கிறது. பஹ்ரைனில் 2009இல் முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாறலாம் என்றார்கள். 2011இல் அதற்கு ஒரு வருட நிபந்தனை போட்டார்கள். கட்டாரில் 2020இன் 19ஆம் இலக்கச் சட்டத்தோடு என்ஓசி இல்லாமல் போனது. இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாதமும் முன்னறிவித்தல் கொடுத்து மாறலாம். ஓமானில் 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடிந்தவருக்கு என்ஓசி தேவையில்லை. சவூதியில் 2021 மார்ச் 14 முதல், தனியார் துறையில் ஒரு வருடம் முடித்தவர் கிவா என்ற இணையத்தளம் வழியாக மாறலாம்.

மாறியது உண்மை. வெளிநாட்டில் இருக்கும் நம் தம்பிமார் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. தெரியாத உரிமை சட்டைப் பையில் இருக்கும் செல்லாக் காசு போன்றது.

ஆனால் யார் விடுபட்டார்கள்?

சவூதியின் 2021 மாற்றத்தில் வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டுச் சாரதிகளும் தோட்டம், பண்ணை பார்ப்பவர்களும் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு வேறு விதிகள், வேறு நிபந்தனைகள். நம் ஊர்களில் இருந்து போகும் உம்மாமாரும் ராத்தாமாரும் பெரும்பாலும் அந்த விடுபட்ட பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இதற்கும் மலையக வரலாற்றில் விடை இருக்கிறது. துண்டு போனபின்னும் தோட்டத் தொழிலாளியால் ஏன் இலேசாக மாற முடியவில்லை? லயம். படுக்கும் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் அன்றே கூரையும் போகும். பிள்ளை குட்டியோடு எங்கே போவது? முதலாளியின் கூரைக்குள் படுப்பவருக்கு விடுதலை கடைசியாகத்தான் வரும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் நிலை அதைவிடக் கடினம். லயத்திலாவது பக்கத்து அறையில் நம் மொழி பேசும் ஆள் இருந்தார். இவளுக்கு அதுவும் இல்லை. போனும் பாஸ்போட்டும் சில வீடுகளில் அவள் கையில் இல்லை.

இன்றைய முற்பணம்

இனி நம் பக்கம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் புறப்படும் முன் ஏஜென்சி ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறது. அது உதவி என்று நினைக்கிறோம். கூரைக்குத் தகரம் போடுகிறோம், அடகு வைத்த நகையை மீட்கிறோம். இரண்டாம் மாதம் அந்தப் பெண் "இங்கே அடிக்கிறார்கள், என்னைக் கூப்பிட்டு எடுங்கள்" என்று அழுதால், சப் ஏஜென்ட் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "வாங்கின காசைத் திருப்பிக் கட்டுங்கள்." நூறு வருடங்களுக்கு முன் கங்காணி கொடுத்த முற்பணம் இதுதான். ஆண்கள் விஷயத்தில் பணம் மறுபக்கம் ஓடுகிறது. விசாவுக்கென்று வட்டிக்கு எடுத்த கடன், ஈடு வைத்த காணி. இரண்டுக்கும் முடிவு ஒன்று. வேலையிடம் எவ்வளவு மோசமானாலும் அசைய முடியாது.

கட்டாரில் சட்டம் மாறியும் ஒரு பையன் மாறாமல் இருக்கிறான் என்றால், அவனைக் கட்டி வைத்திருப்பது தோஹாவில் உள்ள கடதாசி மட்டுமல்ல, கட்டுகஸ்தோட்டையில் உள்ள கடனும்தான்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நமக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. தூதரகங்களில் தொழிலாளர் பிரிவு இருக்கிறது. ஆனால் 1922இல் இந்தியா கேட்டது போல "எங்கள் ஆட்கள் வேண்டுமென்றால் இன்ன நிபந்தனை" என்று பலமாகக் கேட்கும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கும் வரை, ஊர் மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

1. போகும் முன் ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போட், விசா, ஏஜென்சியின் அனுமதி இலக்கம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். பணியகத்தில் பதியாமல் போகவே வேண்டாம்.

2. முற்பணம் வாங்கினால், எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்கள். தோட்டத் தொழிலாளி தன் கணக்கை வாசிக்க முடியாததால் மாட்டிக்கொண்டான். நமக்கு வாசிக்கத் தெரியும்.

3. இடம் மாற நினைப்பவர், அந்த நாட்டின் இப்போதைய விதி என்ன என்று தூதரகத்தில் அல்லது அந்நாட்டின் தொழில் அமைச்சில் கேட்டுவிட்டு நகரட்டும். வெளியே இறங்கியபின் முறையிடுவதைவிட, உள்ளே இருக்கும்போது முறைப்பாட்டைப் பதிவு செய்வது பலம்.

4. பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு கோரிக்கை. விசாவுக்கு வட்டிக்குக் கடன் எடுப்பவர்களுக்கும், ஏஜென்சியின் முற்பணத்தால் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கும் ஒரு சிறிய பொது நிதி வைக்க முடியாதா? வட்டியில்லாக் கடன் நம் மார்க்கத்தில் உள்ளதுதானே. செலவைப் பலர் சேர்ந்து சுமந்தால் ஒருவர் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. 1923இல் துரைமாரே செய்த காரியம் அது.

கடைசியாக ஒன்று. வீட்டு வேலைக்குப் போய், தாங்க முடியாமல் அந்த வீட்டை விட்டு வெளியேறி, தூதரகத்தில் தஞ்சம் புகுந்து திரும்பி வரும் பெண்ணை நம் ஊரில் "ஓடி வந்தவள்" என்கிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். துண்டில்லாமல் அடுத்த மலைக்கு நடந்த மனிதனைப் பார்த்துத் துரை சொன்ன சொல் அது. நாம் துரைமார் அல்ல. அவள் ஓடி வரவில்லை, வேலையை விட்டு வந்திருக்கிறாள். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

வெளிநாட்டில் உழைக்கும் நம் உறவுகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ரிலீஸ் கிடைத்த, கிடைக்காத அனுபவம் இருந்தால் பெயர் குறிப்பிடாமல் கீழே எழுதுங்கள். போக இருக்கும் இன்னொருவருக்கு அது உதவும்.